வல்லூறு பிடித்தவர்கள் அறிந்திருந்தவை

வேட்டைக்குப் பழக்குவதற்காக ஒரு வல்லூற்றைப் பிடிப்பவருக்கு, மற்ற வேடர்களுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு. பறவை உயிரோடு அகப்பட்டால் மட்டும் போதாது. அதன் இறகுகளில் ஒன்றுகூட முறியாமல் அகப்பட வேண்டும். சிறகின் நீண்ட பறப்பிறகு ஒன்று நடுவில் ஒடிந்துவிட்டால், அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்வரை அந்த இடம் குறையாகவே இருக்கும். பக்கத்து இறகுகளும் தாங்கலை இழந்து ஒடியத் தொடங்கும். ஒடிந்த தண்டில் வேறோர் இறகைச் செருகி ஒட்டும் பழைய முறை ஒன்று உண்டென்றாலும், அது பழுதுபார்ப்பு மட்டுமே. விரல் ஒன்று நசுங்கினாலோ நிலை இன்னும் மோசம், ஏனென்றால் இரைகொல்லிப் பறவைக்குக் கால்தான் ஆயுதம். ஆகவே வல்லூறு பிடிக்கும் பொறி, உலகின் எந்த மூலையில் தோன்றியிருந்தாலும், வலிமையை நம்பிச் செய்யப்பட்டதாக இருக்காது. பறவை எதை விரும்பும், எதைக் கண்டு சினம் கொள்ளும், எந்தக் கணத்தில் எச்சரிக்கையை மறக்கும் என்ற அறிவை நம்பியே அது செய்யப்பட்டிருக்கும்.

இந்தப் பொறிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்துவருகிறேன். பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் ஆய்வாளர்களின் கைகளில் அவற்றுள் சிலவற்றைப் பார்த்தும் இருக்கிறேன். பறவைகளின் நடத்தையைப் பற்றிப் புத்தகங்கள் சொல்லத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, எழுத்தறியாத பலர் அந்த நடத்தையை மிகத் துல்லியமாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறிவு மதிக்கத்தக்கது. அது பயன்பட்ட விதங்கள் எல்லாம் மதிக்கத்தக்கவை அல்ல. இரண்டையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன்.

எளிமையான பொறியிலிருந்து தொடங்கலாம். வட இந்தியாவிலிருந்து உலகெங்கும் பரவிய பால் சத்ரி என்பது குடை போலக் கவிந்த ஒரு சிறு கூண்டு. உள்ளே ஓர் எலியோ சிட்டுக்குருவியோ இருக்கும். கூண்டின் வெளிப்புறம் முழுவதும் குதிரைவால் மயிரால் முடிந்த சுருக்குக் கண்ணிகள் நிமிர்ந்து நிற்கும். கெஸ்ட்ரல் போன்ற சிறு வல்லூறோ வைரியோ உள்ளே அசையும் இரையைக் கண்டு இறங்கிக் கூண்டின்மேல் காலை வைக்கும். இரை அகப்படாததால் காலை மாற்றி மாற்றி வைத்துப் பிராண்டும். அப்போது ஒரு விரல் ஒரு கண்ணிக்குள் நுழைந்துவிடும். பறக்க எழும்பும் வேகமே சுருக்கை இறுக்கிவிடும். கூண்டைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடாத அளவுக்கு அதில் எடை கட்டியிருப்பார்கள். அந்த எடை சட்டென்று நிறுத்தாமல் சற்று இழுபட்டு நிறுத்துவதால் விரல் மூட்டு பிசகுவதில்லை.

இதில் குதிரை மயிரைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. நூல் துவண்டு விழும், கம்பி விரலை அறுக்கும்; மயிரோ தானாக வளைந்து வட்டமாக நிற்கும், பனியில் நனைந்தாலும் நீரை உறிஞ்சித் தொய்யாது, தேவைக்கு மேல் இழுத்தால் அறுந்து பறவையை விட்டுவிடும். 1959இல் டேனியல் பெர்கர், ஹெல்முட் முல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தப் பொறியை அறிவியல் இதழொன்றில் விவரித்த பிறகு, வளையமிடுவோரிடையே அது பெரிதும் பரவியது. மயிருக்குப் பதிலாக நைலான் இழை வந்தது. பொறியின் அடிப்படையில் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

பசியை நம்பும் பொறிகளிலேயே மிகவும் விரிவானது, நெதர்லாந்தின் பிராபன்ட் பகுதியிலுள்ள வால்கன்ஸ்வார்ட் என்ற ஊரில் பல நூற்றாண்டுகள் நடந்த முறைதான். இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே வலசை செல்லும் பொரி வல்லூறுகள் அந்த ஊரைச் சுற்றியிருந்த பரந்த புதர்வெளிக்கு மேலாகச் செல்லும். அவற்றைப் பிடித்து ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கு விற்பது அங்கே குடும்பத் தொழிலாக இருந்தது. பருவம் முடியும்போது பிரபுக்களின் ஆட்கள் அந்த ஊருக்கு வந்து ஏலம் கேட்டு வாங்கிச் சென்றார்கள். அரண்மனைகளில் வல்லூறுகளைப் பராமரித்தவர்களிலும் பலர் அந்த ஊர்க்காரர்களே. 1839 முதல் 1855 வரை ஹெட் லோ அரண்மனையை மையமாகக் கொண்டு இயங்கிய அரச வேட்டைக் கழகம்கூட அவர்களது திறமையையே நம்பியிருந்தது. மோலன் என்ற குடும்பம் இந்தத் தொழிலைக் கடைசிவரை காத்துவந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களோடு அது முடிவுக்கு வந்தது.

அவர்கள் வெட்டவெளியில் பாதி நிலத்துக்குள் புதைந்தாற்போல ஒரு குடிசை அமைத்து, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் அதன் கூரையை மூடுவார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் அது ஒரு மேடாகத்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கையருகே பல கயிறுகள் வந்து முடியும். ஒரு கயிறு தொலைவில் நிற்கும் கம்பத்தில் கட்டிய பழகிய வல்லூற்றை அசைக்கும்; இன்னொன்று வேறொரு கம்பத்திலுள்ள புறாவைச் சிறகடிக்க வைக்கும்; மூன்றாவது, தரையில் மறைப்புக்குள் இருக்கும் புறாவை வெளியே இழுக்கும்; நான்காவது வில்வலையை மூடும். வில்வலை என்பது வளைந்த சட்டத்தில் கட்டிய வலை. பாதி தரையில் பதிந்திருக்க, மறுபாதி மடித்து மறைக்கப்பட்டிருக்கும். கயிற்றைச் சுண்டினால் அது எழுந்து கவிழும்.

இந்த ஏற்பாடு முழுவதற்கும் காவலாக இருந்தது கீச்சான் என்ற சிறு பறவை. குடிசைக்கு முன்னால் சிறு மண்மேட்டில், ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மறைப்போடு, பெரிய சாம்பல் கீச்சான் ஒன்றைக் கட்டிவைப்பார்கள். மனிதக் கண்ணுக்கு வானம் வெறுமையாகத் தெரியும் நேரத்திலேயே அது வல்லூற்றைக் கண்டுவிடும். கண்டது மட்டுமல்ல, கண்டது என்ன பறவை என்பதையும் அது தன் நடத்தையால் சொல்லிவிடும். மெதுவாகப் பறக்கும் பெரும்பருந்து வந்தால் அதன் பதற்றம் சற்றுக் குறைவாக இருக்கும்; வல்லூறு வந்தால் அலறிக்கொண்டு மறைப்புக்குள் ஓடும். அது எந்தத் திசையை நோக்கி விறைத்து நின்றது என்பதிலிருந்து பறவை வரும் திக்கும் தெரிந்துவிடும். குடிசைக்குள் இருப்பவர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது வானத்தை அல்ல, இந்தச் சிறு பறவையைத்தான்.

கீச்சான் அறிவித்தவுடன் முதலில் அசைவது கம்பத்து வல்லூறுதான். அதனருகே இறகுக் கொத்து ஒன்றும் இருப்பதால், தன் இனத்துப் பறவை ஒன்று இரையோடு போராடுவதாக மேலே செல்லும் வல்லூறு நினைத்துத் திரும்பும். நெருங்கியதும் அந்தக் கம்பத்தைத் தாழவிட்டுப் புறாவைப் பறக்க வைப்பார்கள். வல்லூறு பாய்ந்து வரும்போது புறா மறைப்புக்குள் இழுக்கப்படும். ஏமாந்த பறவை மீண்டும் உயர்ந்து வட்டமிடும். இப்போது அது இரைமீது முழுக் கவனத்தோடு இருக்கிறது, சுற்றுப்புறத்தைப் பற்றிய ஐயம் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் வில்வலைக்கு அருகிலுள்ள புறா வெளியே வரும். வல்லூறு அதைப் பற்றியதும் பிடியை விடாது என்பது இவர்களுக்குத் தெரியும். ஆகவே புறாவையும் அதைப் பற்றிய வல்லூற்றையும் சேர்த்தே வலையின் நடுவுக்கு மெதுவாக இழுப்பார்கள். அதன் பிறகுதான் வலை கவிழும். ஒரு முறை ஏமாற்றிவிட்டு, அந்த ஏமாற்றத்தையே அடுத்த படிக்குப் பயன்படுத்தும் இந்த நுட்பத்தைப் படித்த ஒவ்வொரு முறையும் வியந்திருக்கிறேன். பிடிபட்ட பறவை சிறகடித்து இறகை ஒடித்துக்கொள்ளாதபடி அதன் உடலை நீண்ட துணிக் காலுறைக்குள் நுழைத்துவிடுவார்கள். தலையில் தோல் தொப்பி ஏறியதும் அது அடங்கிவிடும்.

அந்தத் தொப்பியும் ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்குப் புதியதாகவே இருந்தது. அதற்கு முன்பு, புதிதாகப் பிடித்த பறவையின் கீழிமைகளில் நூலைக் கோத்துத் தலைமேல் முடிந்து, கண்ணைத் தற்காலிகமாக மூடிவைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், அரபு நாட்டவரிடமிருந்து தொப்பியின் பயனைக் கற்று அதை ஐரோப்பாவில் ஊக்குவித்தார். பறவைக்கு வலி குறைந்ததோடு பழக்குபவருக்கும் வேலை எளிதாயிற்று.

வால்கன்ஸ்வார்ட்டில் பிடிபட்டவற்றுள் விரும்பப்பட்டவை பெரும்பாலும் அந்த ஆண்டு பிறந்து முதன்முறையாக வலசை செல்லும் பெண் பறவைகள். பெண் வல்லூறு ஆணைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரியது. கூட்டிலிருந்து எடுத்த குஞ்சுக்கு வேட்டை தெரியாது, மனிதரைக் கண்டால் ஓயாமல் கத்தும். முதிர்ந்த பறவைக்குப் பழக்கங்கள் இறுகிவிட்டிருக்கும். முதல் வலசைப் பறவையோ தானாக வேட்டையாடக் கற்றுவிட்டது, இன்னும் மாறக்கூடியதும்கூட. மேலே பழுப்பு நிறமும் மார்பில் நெடுக்குவாட்டுக் கீற்றுகளும் இருந்தால் அது இளம்பறவை. முதிர்ந்தது நீலச்சாம்பலாகவும் மார்பில் குறுக்குப் பட்டைகளோடும் இருக்கும். இந்தத் தேர்வுக்கு அவர்கள் அறியாத ஒரு நற்பயனும் இருந்தது. இயற்கையில் முதலாண்டைத் தாண்டும் பொரி வல்லூறுகள் பாதிக்கும் குறைவே. இனப்பெருக்கம் செய்யும் பறவைகளைத் தொடாமல் இளம்பறவைகளில் சிலவற்றை எடுப்பது மொத்த எண்ணிக்கையை அதிகம் பாதிப்பதில்லை.

நெதர்லாந்தில் காவலனாக இருந்த கீச்சானின் உறவினம், கருங்கடலின் தென்கிழக்குக் கரையில் தூண்டிலாக மாறுகிறது. துருக்கியின் ரிசே, ஆர்ட்வின் பகுதிகளில் லாஸ் மக்களிடையே இன்றும் உயிரோடிருக்கும் முறை இது. முதலில் ஈரமண்ணைத் தோண்டிப் பிள்ளைப்பூச்சியைப் பிடிக்கிறார்கள். அதை வைத்துச் செம்முதுகுக் கீச்சானைப் பிடிக்கிறார்கள். கீச்சானை ஒரு குச்சியின் நுனியில் உட்காரப் பழக்கி, வலசைத் தடத்திலுள்ள மலைமுகட்டில் தழைக் குடில் கட்டி, வலைக்குப் பின்னாலிருந்து குச்சியை அசைத்து அதைச் சிறகடிக்க வைக்கிறார்கள். மேலே செல்லும் குருவி வல்லூறு பாய்ந்து வலையில் விழுகிறது. சில நாட்களிலேயே பழகிவிடும் அந்த வல்லூற்றைக் கொண்டு, கடலைக் கடந்து களைத்துவரும் காடைகளை வேட்டையாடுகிறார்கள். காடைப் பருவம் முடிந்ததும் வல்லூற்றை விட்டுவிடுவது அங்கே மரபு. துனீசியாவின் எல் ஹவாரியா ஊரிலும் இதே பறவையை வசந்தகால வலசையில் பிடித்து, காடை வேட்டைக்குப் பின் விடுவிக்கிறார்கள். நாலு பறவைகளையோ பூச்சிகளையோ ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி இது. ஒவ்வொரு கண்ணியும் எப்போது எங்கே கிடைக்கும் என்பதை அறிந்தவருக்குத்தான் கடைசிக் கண்ணி கைவரும்.

பசியை மட்டுமே நம்பினால் வயிறு நிறைந்த பறவை அகப்படாது. சினத்துக்கு அந்தக் குறை இல்லை. பகலில் ஆந்தையைக் கண்டால் பெரும்பாலான இரைகொல்லிப் பறவைகள் சும்மா இருப்பதில்லை. தன் குஞ்சுகளை இரவில் தூக்கிச் செல்லக்கூடிய எதிரி என்பதால் தாக்கி விரட்டவே முயலும். இந்தியாவிலும் பாரசீகத்திலும் வழங்கிய தோ கஸா என்ற வலை இதன்மேல் அமைந்தது. இரண்டு மெல்லிய கழிகளுக்கு இடையே, மண்ணின் நிறத்தில் சாயமேற்றிய மெல்லிய நூல்வலையை நிமிர்த்தித் தொங்கவிட்டு, அதன் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு கொம்பன் ஆந்தையைக் கட்டுவார்கள். வலை கழிகளோடு இறுகக் கட்டப்படுவதில்லை. பறவை மோதியதும் மேல்முடிச்சுகள் கழன்று, வலை பை போல அதைச் சுருட்டிக்கொண்டு விழும். இறுகக் கட்டிய வலையில் மோதினால் பறவை எகிறித் தப்பிவிடும் அல்லது அடிபடும். கழன்று விழுவதால்தான் இறகு தப்புகிறது.

இதே அறிவு வேறு கைகளில் எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஜெர்மானியப் பகுதிகளில் ஆந்தையைக் கம்பத்தில் கட்டி, குடிலுக்குள் ஒளிந்திருந்து, விரட்ட வரும் பருந்துகளையும் வல்லூறுகளையும் சுட்டுத்தள்ளுவது நெடுங்காலம் பொழுதுபோக்காக இருந்தது. பிரிட்டனில் சுட்டு வேட்டையாடுவதற்காக வளர்த்த பறவைகளைக் காப்பதாகச் சொல்லி, திறந்தவெளியில் தனியாக நிற்கும் கம்பத்தின் உச்சியில் காலைக் கவ்வும் பற்களுள்ள பொறியை வைத்தார்கள். சுற்றிலும் பார்ப்பதற்கு வசதியான உயரத்தில் அமர வேண்டும் என்ற பறவையின் இயல்பை அறிந்தே அது வைக்கப்பட்டது; கால் முறிந்த பறவை மணிக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிச் செத்தது. 1904இல் சட்டம் அதைத் தடைசெய்தது. உயிரோடு வேண்டும் என்ற தேவை நீங்கியவுடன் பொறியிலிருந்து நுட்பமும் இரக்கமும் சேர்ந்தே நீங்கிவிடுகின்றன என்பதை இவ்விரண்டிலும் காண்கிறேன்.

பொறியே இல்லாத முறையும் உண்டு. வட அமெரிக்காவின் மிசூரி ஆற்றுப் பகுதியில் ஹிடாட்சா, மாண்டன் மக்கள், இலையுதிர்காலத்தில் குன்றின் முகட்டில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் குழி தோண்டி, அதைக் கிளைகளாலும் புல்லாலும் மூடி, மேலே முயலையோ வேறு இரையையோ கட்டிவைத்தார்கள். குழிக்குள் இருப்பவர் அசையாமல் காத்திருந்து, பொன்னாங்கழுகு இறங்கி இரையைப் பற்றியதும், இடுக்கு வழியாகக் கைநீட்டி அதன் இரண்டு கால்களையும் ஒருசேரப் பிடிக்கவேண்டும். ஒரு காலை மட்டும் பிடித்தால் மறுகாலின் உகிர் கையைத் துளைத்துவிடும். இதை அவர்கள் தொழிலாக நினைக்கவில்லை. நோன்பும் வேண்டுதலும் கூடிய சடங்காகவே நடத்தினார்கள். வாலிறகுகளே அவர்களுக்குத் தேவைப்பட்டன. அமெரிக்காவின் அசட்டீக் தீவுக் கடற்கரையில் 1930களில் பொரி வல்லூறு பிடிக்க முயன்ற வேட்டைக்காரர்களும், மணலுக்குள் உடலைப் புதைத்து, தலையை மறைத்து, கையில் உயிருள்ள புறாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கழுகோ வல்லூறோ, இரையைப் பற்றியிருக்கும் சில நொடிகளில் அதன் கவனம் முழுவதும் காலடியில் இருக்கிறது என்பதை இரு சாராரும் அறிந்திருந்தார்கள்.

பசி, சினம் ஆகியவற்றுக்கு அடுத்தது களவு. பல வல்லூறுகள், இரையைத் தூக்கிச் செல்லும் மற்றொரு பறவையைக் கண்டால் பறித்துக்கொள்ளப் பாயும். பாகிஸ்தானிலும் அரபு நாடுகளிலும் பராக் என்ற முறை இந்த இயல்பின்மேல் நிற்கிறது. ஒரு லக்கர் வல்லூற்றின் காலில் கண்ணிகள் பதித்த இறகுக் கொத்தைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். மிக உயரத்தில் பறந்துவிடாதபடி அதன் இமைகளைப் பாதி தைத்து மேல்நோக்கைத் தடுப்பதும் உண்டு. சேக்கர் வல்லூறோ பொரி வல்லூறோ அதை இரையென்று எண்ணிப் பறிக்க வந்து கண்ணியில் சிக்க, இரண்டும் சேர்ந்து தரையில் விழும். நடத்தையறிவின் அளவில் இது வால்கன்ஸ்வார்ட் முறைக்குக் குறைந்ததல்ல. ஆனால் இன்று என் மனம் ஏற்காத முறை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அரபு நாடுகளில் சேக்கருக்கும் பொரி வல்லூறுக்கும் கிடைக்கும் பெரும் பணம், சந்தையில் தனக்கு விலை இல்லாத லக்கரைத் தூண்டிலாக்கிப் பெருமளவில் பிடிக்க வைத்துவிட்டது. பெரும்பாலும் தெற்காசியாவில் வாழும் அந்தப் பறவை இன்று அச்சுறு நிலையை அண்மித்த இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சேக்கர் வல்லூறு 2012 முதல் அழியும் நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. பொறி பழையதுதான், வாகனங்களும் தொலைபேசியும் எல்லையற்ற விலையும்தான் புதியவை. முன்பு ஒரு பருவத்துக்குச் சில பறவைகள் போதுமென்று இருந்த இடத்தில் இப்போது போதும் என்று சொல்ல யாரும் இல்லை.

மரபு என்ற பெயர் தானாகவே ஒரு முறையைக் காப்பாற்றிவிடாது என்று இதனால்தான் கருதுகிறேன். வல்லூறு வளர்ப்புக் கலையை 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. அது வளர்ப்புக்கும் பழக்குதலுக்கும் கிடைத்த மதிப்பு, கட்டுப்பாடற்ற பிடித்தலுக்கு அனுமதி அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் இவற்றைப் பிடிப்பது குற்றம். கூண்டில் இனப்பெருக்கம் செய்வித்த வல்லூறுகள் கிடைக்கும் காலத்தில், வேட்டைக்கலைக்காகக் காட்டுப் பறவையைப் பிடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் குறைந்துவிட்டது. அந்த இனப்பெருக்க முறை வளர்ந்ததே டிடிடி என்ற பூச்சிக்கொல்லி நஞ்சால் பொரி வல்லூறுகள் அற்றுப்போகும் நிலைக்கு வந்தபோதுதான். 1970இல் பறவையியலாளர் டாம் கேட் தொடங்கிய பெரெக்ரின் நிதியம், வல்லூறு வளர்ப்போரின் பறவைகளையும் அனுபவத்தையும் கொண்டே அந்தப் பறவையை மீட்டெடுத்தது.

பிடிக்கும் அறிவு வீணாகிவிடவும் இல்லை. நியூஜெர்சியின் கேப் மே முனையில் 1967 முதல் இரைகொல்லிப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறார்கள். அங்கே குடில், கயிறு, புறா, வில்வலை எல்லாம் உண்டு; வால்கன்ஸ்வார்ட்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடலாம். பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தைச் சேர்ந்த பரம்பரைப் பறவைபிடிப்போர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையமிடும் பணிகளில் பல பத்தாண்டுகள் பங்கேற்றிருக்கிறார்கள். ஒரு பறவை எந்தக் கிளையில் அமரும், காற்று மாறினால் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர்கள் சொல்வது பட்டம் பெற்றவர்களுக்கும் பாடம். கூடு காக்கும் வல்லூற்றைப் பிடித்துச் செயற்கைக்கோள் கருவி பொருத்தவேண்டிய ஆய்வாளர், இன்றும் தோ கஸாவையும் ஆந்தையையும்தான் நாடுகிறார்.

இவ்வளவு பேச்சிலும் பெரும்பாலும் விடுபட்டுப்போவது பார்வைப் பறவை, அதாவது தூண்டிலாகக் கட்டப்படும் பறவை. வல்லூற்றின் ஓர் இறகுக்காக இத்தனை அக்கறை எடுத்த வேடர்கள் புறாவைப் பற்றியும் கீச்சானைப் பற்றியும் பெரிதாக எழுதிவைக்கவில்லை. இன்று நல்ல வளையமிடும் நிலையங்களில் புறாவுக்குத் தடித்த தோல்கவசம் அணிவிக்கிறார்கள். சற்று நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுத்து மாற்றுகிறார்கள். பால் சத்ரிக்குள் இருக்கும் எலிக்கு நிழலும் தண்ணீரும் தருகிறார்கள். பொறியைக் கண்பார்வையிலிருந்து விலகவிடுவதே இல்லை. தலையை அசைக்கும் பொம்மை ஆந்தையும் பல இடங்களில் உயிருள்ள ஆந்தையின் வேலையைச் செய்துவிடுகிறது. அது போதுமான இடத்தில் உயிருள்ள ஆந்தையைக் கட்டுவதற்கு ஆய்வாளருக்கும் உரிமை இல்லை என்பதே என் கருத்து.